முடிவுக்கு முன்னால் ஒரு லாரி

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிட வேண்டும். இது என் வாழ்நாள் கொள்கை. 'சுபம்' போடும் வரை உட்கார்ந்திருப்பவன் கார் நிறுத்துமிடத்திலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

இளவயதில் என் மனைவி வாசுகியும் நானும் ஜொகூர் பாருவில் பார்த்த எல்லாப் படத்துக்கும் இதே கதிதான். இருட்டிலேயே அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுவேன். நெரிசலுக்கு முன்னால் எங்கள் கார் தெப்ராவ் சாலையில் பறக்கும்.

"முடிவு என்னாச்சிங்க?"

"ஃபேக்டரியில பாத்தவங்க சொன்னாங்க" என்று ஆரம்பித்து நானே ஒரு முடிவு கட்டுவேன். பச்சை விளக்கு கிடைத்தால் சட்டென்று கல்யாணம். சிவப்பு விளக்கில் மாட்டினால் கோர்ட், சாட்சி, தீர்ப்பு எல்லாம் உண்டு. எனக்குப் பசி வந்துவிட்டால் யாராவது ஒருவர் செத்துப்போவார்.

அப்படித்தான் ஒரு குடும்பப் படத்தில் கதாநாயகியின் அப்பாவை லாரி ஏற்றிக் கொன்றேன். வாசுகி வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். அன்றைக்குச் சமையல் இல்லை. கடையில் ரொட்டி சானாய்தான்.

காலம் ஓடியது. சில வருடங்களுக்கு முன்பு எங்கள் தாமான் குடியிருப்பில் மாதம் ஒரு பழைய படம் போட ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கராஜுதான் ஏற்பாடு. எங்களுடையது மூலை வீடு. அதன் வெள்ளைச் சுவர்தான் திரை. கரண்டும் எங்கள் வீட்டிலிருந்தே போகும்.

"இந்த மாசம் என்ன படம் வாசுகி?"

"அதாங்க, அந்த அப்பா லாரியில அடிபட்டுச் செத்துப்போவாரே, அது. நான்தான் கேட்டேன்."

வாயிலிருந்த தேநீர் உள்ளே போக மறுத்தது. ஒரு முடிவு பொய் என்று தெரிந்தால் மற்ற எல்லா முடிவுகளுக்கும் விசாரணை வருமே!

"அலமாக், அது சோகப் படம்லா. பிள்ளைங்க பயந்துடும்."

"பயந்தா கண்ண மூடிக்கட்டும்."

சனிக்கிழமை வந்தது. தாமானே நாற்காலியோடு வந்தது. அந்த அப்பா ஒவ்வொரு முறை தெருவில் இறங்கும்போதும் நான் லாரியைத் தேடினேன். ஒரு சைக்கிள்கூட இடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே ஆவல் தாங்கவில்லை. இந்த மனுஷன் கடைசியில் என்னதான் ஆனார்? ஆனால் ஆவலைவிட மானம் பெரிது. எழுந்தேன்.

"எங்கங்க, கார் எடுக்கவா?"

"பாத்ரூமுக்கு."

நேராக வீட்டுக்குள் போய் மெயின் சுவிட்சைத் தட்டினேன். வீடு இருண்டது. வெளியே கூச்சல் கிளம்பும் என்று காத்திருந்தேன். கைதட்டல் கிளம்பியது.

"ரொம்ப நன்றிண்ணே!" தங்கராஜு கத்தினார். "உங்க வாசல் லைட்டுதான் கண்ணக் கூசிச்சி. இப்பத்தான் படம் பளிச்சுன்னு தெரியுது!"

"கரண்டு... எப்படி?"

"அக்காதான் இன்னைக்கு மட்டும் எங்க வீட்டுலேர்ந்து இழுக்கச் சொன்னாங்க!"

வெளியே வந்தேன். என் சுவரில் அந்த அப்பா பேரனைத் தோளில் வைத்து ஆடிக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"வாசுகி... அந்த லாரி..."

"தெரியும். நீங்க பாதியில இழுத்துட்டு வந்த ஒவ்வொரு படத்தையும் மறுவாரமே கஸ்தூரியோட போயி முழுசாப் பாத்துட்டேன்."

தங்கராஜுவின் மனைவி கஸ்தூரி பின்வரிசையிலிருந்து எனக்குக் கையசைத்தாள்.

"அப்ப அன்னைக்கு அழுதியே?"

"உங்க கட்டுக்கதைன்னு அப்பவே தெரியும். அழுதா சமைக்க வேணாமே."

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு இந்தப் படத்தப் போடச் சொன்ன?"

வாசுகி கச்சான் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.

"பாவம், நீங்கதான் இதுவரைக்கும் ஒரு படத்தோட முடிவையும் பாத்ததில்ல. உக்காருங்க, 'சுபம்' போடட்டும்."