புற்றுநோய் செல்லுக்குச் சீரியல் லைட்

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆயுத பூஜையன்று பெங்களூரில் எந்த லேபுக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள், மைக்ராஸ்கோப் குங்குமத்தோடு நிற்கும். எங்கள் லேபில் வைத்தவள் நான். (வாழைக்கன்று, சாமந்திச் சரம், மெஷினைச் சுற்றிச் சீரியல் லைட், எல்லாம் என் கைவண்ணம்.)

என் ஆராய்ச்சி இதுதான். சில புற்றுநோய் செல்களின் மேல்தோலில் அயனிகள் போய்வரக் குட்டி வாசல்கள் உண்டு. அவை திறந்து மூடும்போது செல்லில் மின்சாரம் துடிக்கும். அப்படித் துடிக்கிற செல்தான் உடம்பில் இடம்விட்டு இடம் போய்ப் பரவுகிறதோ என்று சந்தேகம். டிஷ் என்கிற சின்னத் தட்டில், உப்புத்தண்ணீரில் கிடக்கும் செல்லில் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒட்டி அந்தத் துடிப்பைப் பிடிக்க வேண்டும். மாதக்கணக்காக என் செல்கள் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஆராய்ச்சியை எடைபோட வரும் கமிட்டிக்கு எதையாவது காட்டாவிட்டால் ஃபெல்லோஷிப்பும் போச்சு, பி.எச்டி.யும் போச்சு.

பூஜைக்கு மறுநாள் ஸ்கிரீனில் துடிப்பு! மூன்று குதி, ஒரு ஓய்வு, மறுபடி மூன்று குதி. அழுதேவிட்டேன். ஈஜிபுரா வீட்டிலிருந்த என் கணவர் பிரபுவுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, துடிக்குதுங்க!"

"சூப்பர்ம்மா! ஸ்வீட் வாங்கி வெக்கிறேன், வா!"

சீரியல் லைட்டை அணைத்தால் துடிப்பு நின்றுவிடும். போட்டால் வந்துவிடும். இதிலிருந்து எனக்கு என்ன புரிந்தது தெரியுமா? ராசியான லைட்! கழற்ற வந்தவர்களையெல்லாம் விரட்டியடித்தேன்.

கமிட்டி நாள் வந்தது. லைட்டைப் போட்டேன், துடிப்பும் வந்தது. என் கைடு மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியிலிருந்து வந்த பெரியவர் மட்டும், "செல்லே இல்லாத டிஷ் ஒண்ணு வைம்மா, பாக்கலாம்" என்றார்.

வைத்தேன். வெறும் உப்புத்தண்ணீர். மூன்று குதி, ஒரு ஓய்வு, மூன்று குதி.

"உப்புத்தண்ணிக்குமா கேன்சர்?" என்றார்.

மேடம் ஸ்கிரீனைப் பார்த்தார். லைட்டைப் பார்த்தார். அதுவும் மினுக் மினுக் மினுக், ஒரு ஓய்வு. "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு அலறி பிளக்கைப் பிடுங்கினார். ஸ்கிரீனில் கோடு படுத்துவிட்டது.

"செல்லு செத்துப்போச்சா மேடம்?" என்று கேட்டேன். (சத்தியமாகக் கேட்டேன். டிஷ்ஷில் செல்லே கிடையாது.)

"இத்தனை நாளா உன் குழாய் பிடிச்சது லைட்டோட கரண்டைம்மா" என்று பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிதாபப்பட்டு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் நிஜமான துடிப்பைப் பிடித்துப் பட்டமும் வாங்கிவிட்டேன். ஆனால் பிரபு விடுவாரா? குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று நான் சொன்னாலும், உடம்பு இளைத்திருக்கிறேன் என்று சொன்னாலும், அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "வெறும் டிஷ் வெச்சுப் பாத்தியா?"

போன வருஷம் ஒரு காலையில், இரண்டு கோடு விழுந்த பட்டையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமிலிருந்து ஓடிவந்தேன். பிரபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை.

"வெறும் தண்ணியில வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேங்க" என்றேன். "ஒரு கோடுதான்."