தண்ணீரில் நிற்கும் வண்டிக்கு நெருப்புப் பாலிசி

பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு ஒரு நோய் வரும். எங்கே பேசலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது மறந்துபோகும். எனக்கு அந்த நோய் நன்றாக முற்றியிருந்தது. கரும்பு வெட்டு ஆட்களிடம் கூலி பேச வேண்டுமென்றால் எங்கள் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புடவைக் கடையில் நான் நுழைந்தால் கடைக்காரர் தண்ணீர் குடிப்பார். எழுத்து என்று பார்த்தால் பஸ் போர்டு படிப்பேன், மற்றதை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். (இதை எழுதி முடிக்கவே ஒரு பொங்கலிலிருந்து ஆடி மாதம் வரை ஆகிவிட்டது.) ஆனால் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் வாயால் மடக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் சேகர் வளைகுடா நாட்டில் ஒரு கடற்கரை ஓட்டலில் படகு மோட்டார் மெக்கானிக்காக இருந்தவன். ஊருக்குத் திரும்பியதும், பரங்கிப்பேட்டையில் ஆறு கடலில் சேரும் இடத்தில் வாட்டர் ஸ்கூட்டர் விடப்போகிறேன் என்றான். தண்ணீர்மேல் மோட்டார் சைக்கிள் மாதிரி சீறிக்கொண்டு போகுமே, அந்த வண்டி. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்து ஒரு சுற்று அழைத்துப் போய் வருவதுதான் தொழில்.

யோசனைதான் அவனுடையது. அனுமதிக்கு அலைந்தது, ஆள் பிடித்தது, முன்பதிவு வாங்கியது எல்லாம் என் மருமகள் சுமதி. அதற்காகச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டாள். அவள் அப்பா பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி வந்து, "மாசச் சம்பளத்த வுட்டுட்டுத் தண்ணில எறங்குறியே, ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று சத்தம் போட்டார்.

"காணும் பொங்கலுக்கு வந்து பாருப்பா" என்றாள் சுமதி. அந்த ஒரு நாள் கூட்டத்தை நம்பித்தான் அவள் எல்லாவற்றையும் விட்டிருந்தாள்.

வண்டி வந்தது. இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்றார்கள். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஏஜெண்ட் இருந்தார், பாலு என்று பெயர். சுமதி கிளம்பினாள். நானும் கிளம்பினேன். யாரும் கூப்பிடவில்லை.

பாலு நல்ல பிள்ளை. காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, "பெரியம்மா, இதுல ஒவ்வொரு ஆபத்துக்கும் தனித்தனியா இருக்குது. ஒங்களுக்கு எது தேவையோ அத எடுத்துக்கலாம்" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குக் காய்கறிக் கடையில் நிற்கிற மாதிரி இருந்தது. புடலங்காய் வேண்டும், பூசணிக்காய் வேண்டாம்.

"ஏறுற ஜனங்களுக்கு அடிபட்டா?" என்று கேட்டார்.

"கண்டிப்பாப் போடு. ஊரான் வூட்டுப் புள்ளைங்க." (இதுவரை என் புத்தி சரியாகத்தான் வேலை செய்தது.)

"வண்டி மூழ்கிட்டா?"

"போடுங்க" என்றாள் சுமதி.

"திருட்டு?"

"போடு. அந்தப் பக்கம் எவன் எப்பிடின்னு யாருக்குத் தெரியும்."

"நெருப்பு?"

நான் சிரித்துவிட்டேன். "தம்பி, கரும்புக் கொல்லை பத்திக்கும், நான் பாத்துருக்கேன். வைக்கப்போரு பத்திக்கும், அதையும் பாத்துருக்கேன். தண்ணிமேல நிக்கிற வண்டி எப்பிடிப்பா பத்திக்கும்?"

"பெட்ரோல் வண்டி பெரியம்மா. கரையில நிறுத்தி வெச்சிருக்கிறப்பகூட..."

"பத்திக்கிட்டா தண்ணில தள்ளிவுட்டா அணையுது. பக்கத்துலதான அம்மாம் பெரிய கடலு கெடக்குது."

பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நேராகத் தலைக்கு ஏறியது.

"அத்தை, அவுரு சொல்றதயும் கேப்போம். ஒண்ணும் ஜாஸ்தி ஆவாது" என்றாள் சுமதி, மெதுவாக.

"நீ சும்மா இரு. யாரு எதச் சொன்னாலும் நம்பிடுவ நீ. இவுங்க நம்மளப் பயமுறுத்தியே காசு பாக்குறவுங்க."

பாலுவின் முகம் சுருங்கியது. சுமதி என்னை ஒரு தடவை பார்த்தாள். வேற்று மனிதர்கள் முன்னால் மாமியாரை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "அத்தை சொல்றபடியே போடுங்க சார்" என்றாள்.

நெருப்புப் பாலிசியை வெட்டிவிட்ட பெருமையை நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னேன். கண்டக்டரிடம் சொன்னேன். ஊரில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் கோயில் வாசல், ரேஷன் கடை எல்லா இடத்திலும் சொன்னேன்.

தை முதல் நாள் பூசை. மறுநாள் மாட்டுப் பொங்கல், அதற்கு மறுநாள் தொழில் ஆரம்பம். வண்டியை டிராலியில் ஏற்றி ஆற்றுக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். சந்தனம், குங்குமம் வைத்து, வர்ணத்தாள் தோரணம் சுற்றி, மாலை போட்டு அமர்க்களம் செய்திருந்தேன். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். இதற்குச் சக்கரம் கிடையாது. நான் விடுவேனா? டிராலிச் சக்கரத்தடியில் வைத்தேன்.

பூசாரியைக் கூப்பிடலாம் என்று சேகர் சொன்னான். வேண்டாம், நானே திருஷ்டி சுற்றுகிறேன் என்றேன். பூசணிக்காய்மேல் கற்பூரத்தைக் குவித்து ஏற்றினேன். கடல் காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினேன். மறுபடி அணைந்தது. காய் வேறு நல்ல கனம், கை வலித்தது. காற்றுப் படாத இடமாகப் பார்த்து வண்டியின் சீட்டிலேயே காயை வைத்து ஏற்றினேன்.

"அம்மா, இப்பதான் பெட்ரோல் ஊத்துனேன். தள்ளி வெச்சிச் சுத்து" என்றான் சேகர்.

"எனக்குப் பூசை பண்ணக் கத்துக்குடுக்காதடா."

காய் உருண்டது. கற்பூரம் சீட்டில் கொட்டியது. தோரணம் பிடித்தது, பிறகு மாலை, பிறகு சீட்டு. பெட்ரோல் மூடியைச் சுற்றிச் சிந்தியிருந்த இடத்தில் புஸ்ஸென்று நீலமாக ஒன்று எழுந்தது. சேகர் என்னைப் பிடித்து இழுத்தான், நான் ஆரத்தித் தட்டோடு மணலில் போய் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே கத்தினேன்:

"தண்ணில தள்ளுங்கடா."

தள்ளினார்கள். வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர்கள்கூட ஓடிவந்து தள்ளினார்கள். நெருப்பு அணைந்தது. நான் சொன்னது சரிதான். ஆனால் அடிப்பக்கம் உருகி ஓட்டை விழுந்த வண்டி, அணைந்த கையோடு, எங்கள் கண் முன்னால் நிதானமாகத் தண்ணீர் குடித்து உள்ளே போய்விட்டது.

தள்ள வந்த மீனவர் ஒருவர், "போகி நேத்தே முடிஞ்சிடிச்சே ஆயா" என்றார்.

யாருக்கும் காயமில்லை, சேகருக்கு ஒரு பக்கப் புருவம் போனதைத் தவிர. சுமதி அழவில்லை, திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய், முன்பதிவு செய்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "மன்னிச்சிக்குங்க, இந்தப் பொங்கலுக்கு இல்லீங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

இதோடு நின்றிருந்தால் இது வெறும் முட்டாள்தனம். நான் அதோடு நிற்கவில்லை.

லீவு முடிந்ததும் பாலுவோடு, சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் ஒருவர் வந்தார். வண்டியைக் கரைக்கு இழுத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தோம். அடுப்பிலிருந்து எடுத்த கட்டை மாதிரி கிடந்தது. "எப்படி ஆச்சு?" என்று கேட்டார் சர்வேயர். மூழ்கினால் பாலிசி உண்டு, நெருப்புக்கு இல்லை. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. சுமதி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மூழ்கிப்போச்சி சார்."

"கருகியிருக்கே பெரியம்மா."

"வெயில் சார்."

"தை மாச வெயிலுக்கா?"

"எங்க ஊரு வெயிலு ஒங்களுக்குத் தெரியாது சார்."

சர்வேயர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பாலு தரையைப் பார்த்தார். பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் அத்தனை பேரிடமும் சொல்லி வந்தவள் நான். அதே அக்கம்பக்கம்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது.

"இல்ல சார்" என்றாள் சுமதி. "எரிஞ்சிபோச்சி. பூசை பண்றப்போ கற்பூரம் பட்டுடிச்சி. அப்பறம் நாங்கதான் தண்ணில தள்ளுனோம். நெருப்புக்கு நாங்க பாலிசி எடுக்கல."

"ஏம்மா எடுக்கல?"

"தேவப்படாதுன்னு நாங்க நெனச்சிட்டோம் சார்."

நாங்க. 'இவுங்கதான் வேணாம்னாங்க' என்று கையைக் காட்ட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. காட்டவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. (இரவு சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

சுமதி பழைய கல்லூரிக்கே போய் வேலை கேட்டாள். அவள் உட்கார்ந்த நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாளாம். கதவோரம் ஒரு மேசை கொடுத்தார்கள், சம்பளமும் குறைவு. அவள் அப்பா போன் செய்து, "நான் அன்னிக்கே சொல்லல?" என்றது எனக்கே கேட்டது. தினமும் விடியற்காலையில் எழுந்து அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். அதற்குமேல் என்னால் என்ன செய்ய முடியும்? ஒரு நாள்கூட என்னிடம் முகம் கோணாமல் டப்பாவை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருஷம் புதுச்சேரியில் ஒரு பழைய வண்டியை வாங்கி, சேகரே பழுது பார்த்துத் தேற்றினான். பாலிசி எடுக்கச் சுமதி கிளம்பும்போது, "ஒங்க அத்தை பாலிசிய மறந்துடாத" என்றான். நெருப்புப் பாலிசிக்கு அவன் வைத்த பெயர். சுமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனால் அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது வீட்டோடு நிற்கும் என்று நினைத்தேன். போன மாதம் பாலு ஆபீசில் பாலிசிக்கு வருஷப் பணம் கட்டச் சுமதியோடு நானும் போனேன். (இந்தத் தடவை அவளே கூப்பிட்டாள்.) அவள் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போயிருந்தாள். பாலு இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கடலூரில் உல்லாசப் படகு விடப்போகிற ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், அத்தை பாலிசியும் சேத்துக்குங்க. நெருப்புக்கு. இங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவோம். ஒரு அம்மா, தண்ணி வண்டிக்கு நெருப்புப் பாலிசி எதுக்குன்னு சண்டை போட்டுட்டுப் போயி, அவுங்களே கற்பூரம் வெச்சிக் கொளுத்திட்டாங்களாம். கேட்டா வெயில்ல கருகிடிச்சின்னாங்களாம்."

அந்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பில் சேர்ந்துகொள்ள ஆள் தேடி என் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களாம்மா? அந்தப் பொம்பள இன்னும் இருக்குதோ என்னவோ."

"இருக்குது தம்பி" என்றேன். "மருமவ நல்லவ. இன்னும் சோறு போடுறா."