ஆய்வாளர் சிங்கமும் ஆறு மாத மெழுகும்

ஒரு காட்டில் இருளப்பன் என்றொரு கரடி வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். காடு என்றால் உங்கள் பாடப் புத்தகத்தில் இருந்த காடு இல்லை. முடியாட்சி ஒழிந்து அலுவலகங்கள் வந்துவிட்ட காடு. மான் மேய்வதற்கு ஒரு படிவம், முதலை கரையேறுவதற்கு ஒரு படிவம். முதலைகள் நகல் எடுக்கிற கடையில் நிற்கும்போது யாரையும் கடிப்பதில்லை. அவ்வளவு களைப்பு.

இருளப்பனின் கறுப்புக் காருக்குப் பத்து வயது முடிந்தது. பத்து வயதான வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று மோட்டார் வாகன ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை காட்டலாம். மூன்றிலும் தவறினால் வண்டி நேரே காயலான் கடைக்குப் போகும்.

வண்டி போனால் கரடிக்கென்று இந்த உலகம் எடுத்து வைத்திருக்கும் வேலை இன்னொன்றுதான். ஆடுவது. இருளப்பனின் அப்பா ஆடினவர். மூக்கில் வளையம், வளையத்தில் கயிறு, சந்தைக்குச் சந்தை. முன்னால் இரண்டு அடி, பின்னால் இரண்டு அடி. மகன் ஓட்டுநர் உரிமம் வாங்கிவந்த அன்று அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "உக்காந்து செய்யுத வேலை. விட்ராத," என்றார்.

ஆய்வாளர் ஒரு சிங்கம். பெயர் கேசரிநாதன். முன்பு அரசராக இருந்தவர். அரியணையை எடுத்துக்கொண்டு போனபோது, கருணை அடிப்படையில் ஒரு சுழல் நாற்காலியைக் கொடுத்தார்கள். அவர் லஞ்சம் வாங்க மாட்டார். அதனால் அவரிடம் எப்படி வேலையை முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவருக்குப் பிடரி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மொத்தமாகப் போய்விட்டது, மறு பக்கம் தேய்ந்த துடைப்பம் போல நின்றது. அவர் ஓடையில் குனிந்து தண்ணீர் குடிப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது. பாட்டிலில் குழல் போட்டுத்தான் குடிப்பார். அலுவலகத்தில் கண்ணாடி கிடையாது. ஆய்வுக்கு வருகிற வண்டிகளின் பக்கக் கண்ணாடியைக்கூட வாசலிலேயே மடக்கிவிட வேண்டும். வெள்ளைச்சாமி என்கிற கொக்கு அதற்கென்றே நின்றது. ஏன் மடக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. விதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் முறை இருளப்பன் வண்டியைக் காட்டியபோது பிரேக் பிடித்தது, விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. கேசரிநாதன் பானெட்டின் முன் வந்து நின்றார். பத்து வருஷ வெயிலில் வெளுத்துக் கிடந்த பானெட். அதில் மரம் தெரியவில்லை, வானம் தெரியவில்லை, அவரும் தெரியவில்லை. அரசராக இருந்தவருக்குத் தன் முகத்தைப் பார்க்கப் பயம்தான். ஆனால் எதிரே இருக்கிற பொருள் தன்னைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது அதைவிட மோசமாக இருந்தது.

தாளில் எழுதினார்: 'மேற்பூச்சு திருப்தி இல்லை.'

"பெயிண்ட்டுல பளபளப்பு இல்லைங்காரு," என்று கொக்கு விளக்கம் சொன்னது. "நல்ல மெழுகா வாங்கிப் போடுங்க அண்ணே. மாசானத்துக்கிட்ட போங்க."

மாசானம் ஓர் உடும்பு. கார் சாமான் கடை வைத்திருந்தது.

"மூணு வகை இருக்கு வே," என்றது மாசானம். "தேன்மெழுகு இருக்கு. மினுக்கு நல்லா இருக்கும்."

"தேன்மெழுகு வேண்டாம் அண்ணாச்சி. போன வருஷம் போட்டேன். மத்தியானம் வரைக்கும்தான் இருந்துச்சு."

"மழையா?"

இருளப்பன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். கூட வந்திருந்த அவன் மனைவி பேச்சியம்மாள் சொன்னாள்: "நக்கிட்டாரு."

மாசானம் சிரிக்காமல் அடுத்த டப்பாவை எடுத்தது. "இது கடல் தாண்டி வருது. அங்க உள்ள ஒரு பனை ஓலையில சுரண்டி எடுக்காங்க. இந்த மினுக்கு எதுலயும் வராது. ஆனா ரெண்டு மாசம் தாங்குனா பெரிசு. இந்தா, இது மூணாவது. ரசாயனம். வாசம் கிடையாது, ருசி கிடையாது, நக்குனா நாக்குதான் போகும். ஆறு மாசத்துக்கு அசையாது."

ஒரு பழைய கார்க் கதவைக் கடையில் சாய்த்து வைத்திருந்தது மாசானம். பாதியில் மெழுகு, பாதியில் ஒன்றுமில்லை. சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டியது. மெழுகில்லாத பாதியில் தண்ணீர் படர்ந்து அப்படியே கிடந்தது. மெழுகுள்ள பாதியில் சேம்பிலையில் விழுந்த மாதிரி மணி மணியாகத் திரண்டு உருண்டு ஓடிப்போனது.

"பூசின பக்கம் எந்த மாசத்துது?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"தையில போட்டது. இப்ப ஆனி."

மூன்றாவது டப்பாவையே வாங்கினார்கள். மாசானம் கடை வாசல் வரைக்கும் வந்து சொன்னது: "நல்லாக் கழுவிக் காயவிடு. நிழல்ல நிறுத்து. பானெட்டைத் தொட்டா சில்லுனு இருக்கணும். மெல்லிசாத் தடவு, தடவினதே தெரியப்படாது. நேர்கோட்டுல போ. வட்டம் போட்டேன்னா வெயில்ல வளையம் வளையமாத் தெரியும். வெள்ளையாப் பூத்து வந்ததும் சுத்தமாத் துடைச்சிரு. வெயில்ல துடைக்காம விட்டுட்டு எங்கிட்ட வராத. அது அப்பிடியே இறுகிரும். நானே வந்தாலும் எடுக்க முடியாது."

இருளப்பன் சொன்னபடி செய்தான். புளிய மர நிழலில் நிறுத்தி, மெல்லிசாக, நேர்கோட்டில், ஒரு கதவு முடிந்து மறு கதவு என்று ஒரு பகல் முழுக்கச் செய்தான். வேலையை ஒழுங்காகச் செய்தால் நல்லது நடக்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நமக்கும்தான் சொன்னார்கள். கடைசியில் துடைத்து முடித்தபோது பானெட்டில் புளியங்காயைக்கூட எண்ணலாம் போல இருந்தது.

இரண்டாம் முறை. கொக்கு கண்ணாடிகளை மடக்கியது. கேசரிநாதன் வந்தார், குனிந்தார்.

பானெட்டுக்குள்ளிருந்து ஒரு கிழம் அவரைப் பார்த்தது. ஒரு பக்கம் வழுக்கை, மறு பக்கம் பத்துப் பதினைந்து மயிர், தொங்கிய கன்னம். காதுக்குப் பின்னால் இருந்த மருகூடத் தெளிவாக இருந்தது. சிங்கத்தின் கை தானாகத் தலைக்குப் போனது. கிழமும் கையைத் தூக்கியது. அவர்கள் குடும்பத்தில் முன்பே ஒருவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, அதோடு போனவர். கேசரிநாதன் இரண்டடி பின்னால் வந்தார்.

தாளில் எழுதினார்: 'மேற்பூச்சு திருப்தி இல்லை.'

இருளப்பன் தலையைக் குனிந்தே நின்றதால் எதையும் பார்க்கவில்லை. தாளை வாங்கிப் படித்தான். அதே மூன்று சொல்.

"பத்தலைங்காரு போல," என்றான் வீட்டில்.

"இதுக்கு மேல என்ன வேணுமாம். முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம்."

"இன்னொரு பூச்சு போடணும். கொஞ்சம் கனமா."

பேச்சியம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் தன்னை அறியாமல் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் முறைக்கு டோக்கன் எண் நாற்பத்தொன்று. மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிடுவார்கள், அங்கேயே வைத்துப் பூசிவிடலாம் என்று டப்பாவோடு போனார்கள். அலுவலக வாசலில் நிழல் என்பது ஊழியர் வண்டிகளுக்கு மட்டும். வெயிலில் நிறுத்தினார்கள். கதவுகளை இருளப்பன் எடுத்துக்கொண்டான், பானெட்டைப் பேச்சியம்மாள். அவளுடையது மாவாட்டிப் பழகிய கை. கை முழுக்க அள்ளி, பெரிய பெரிய வட்டமாக இழுத்துக்கொண்டே போனாள்.

"வட்டம் போடாத," என்றான் இருளப்பன்.

"ஆமா, கோடு போட்டுத்தான் போன தடவை கிழிச்சீங்களே."

மெழுகு வெள்ளையாகப் பூத்தது. துடைக்கத் துணியை எடுக்கும்போது வெள்ளைச்சாமி கூவியது: "நாப்பத்தொண்ணு."

"இப்பதான முப்பதுன்னு சொன்னீங்க," என்றான் இருளப்பன்.

"முப்பதிலேருந்து நாப்பது வரைக்கும் பாம்பு. கைரேகை வைக்கணும்னு சொன்னோம். எல்லாம் திரும்பிப் போயிருச்சு. வாங்க அண்ணே, அஞ்சு நிமிஷத்துல வரலைன்னா வராத கணக்கு."

இருளப்பன் கதவுகளை அவசரமாக இழுத்துத் துடைத்தான். பானெட்டைத் தொடவே நேரமில்லை. வெள்ளை வெள்ளையாக வளையம் படிந்த வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினான். கிளட்ச் ஒருமுறை நழுவியது. அப்பாவின் வளையம் வீட்டில் ஓர் ஆணியில் தொங்குவது நினைவுக்கு வந்தது.

கேசரிநாதன் தயங்கித் தயங்கி வந்தார். ஒரு கண்ணால் பானெட்டைப் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணாலும்.

மங்கலான வெள்ளைப் படலத்துக்குள் ஒரு முகம் தெரிந்தது. சுருக்கம் இல்லை. மரு இல்லை. அந்த முகத்தைச் சுற்றி, பேச்சியம்மாளின் கை இழுத்த வட்டங்கள் அடுக்கடுக்காகச் சிலிர்த்து நின்றன. பட்டாபிஷேகத்தன்றுகூட அவருக்கு இவ்வளவு பிடரி இருந்ததில்லை.

அவர் நெடுநேரம் அசையவில்லை. பின்னால் வரிசையில் நின்ற எருமை இருமியது.

"யாருய்யா பூசினது?"

"என் சம்சாரம் ஐயா."

"துடைக்கலையா?"

"மன்னிக்கணும் ஐயா. டோக்கன் கூப்பிட்டுட்டாங்க. இந்தா, இப்பவே துடைச்சிருதேன்."

"துணியைக் கீழே போடு."

முடியாட்சி ஒழிந்த பிறகு காடு கேட்காத குரல் அது. கிளைகளிலிருந்து கிளிகள் எழுந்து பறந்தன. இருளப்பன் துணியைப் போட்டான். சிங்கம் கையெழுத்துப் போட்டது. முன்பெல்லாம் சாசனத்தில் போடுவது போல, முழுப் பெயரும் வாலும் வைத்து.

வீட்டில் அன்றைக்குப் பாயசம். ஆடவேண்டியதில்லை என்று இருளப்பன் இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னான். வளையத்தை எடுத்துப் பரண்மேல் போட்டான்.

மறுநாள் ஓர் உத்தரவு வந்தது. அந்தக் கறுப்பு வண்டியை அரசு அலுவலகத்தோடு இணைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் தினமும் பத்து மணிக்கு வாசலில் ஆஜராக வேண்டும். மாதச் சம்பளம், விடுமுறை உண்டு. அக்கம்பக்கத்தார் பொறாமைப்பட்டார்கள்.

பத்து மணிக்குக் கேசரிநாதன் பானெட்டின் முன் வந்து நிற்பார். வெயில் நகர நகர பிடரி நகர்ந்துவிடும்.

"கொஞ்சம் முன்னால."

இருளப்பன் வண்டியை இரண்டடி முன்னால் எடுப்பான்.

"பின்னால. போதும். ஒரு கை இடது பக்கம் ஒடி. இல்லை, பழைய இடத்துக்கே வா."

வழிகாட்டுவதற்குக் கொக்கு பக்கத்தில் நின்று கைதட்டும். மதிற்சுவரில் குரங்குகள் வரிசையாக வந்து உட்கார்ந்து, அவையும் தட்டும். சாயங்காலம் ஐந்து வரை இது நடக்கும். வண்டி அந்த வாசலைத் தாண்டி எங்கும் போவதில்லை.

மெழுகு ஆறு மாதத்தில் போய்விடும் என்று இருளப்பன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். ஐப்பசியில் மழை கொட்டியது. சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியே ஆசையோடு பார்த்தான். தண்ணீர் மணி மணியாக உருண்டு ஓடியது. வட்டங்கள் அப்படியே இருந்தன. மார்கழி போனது, தை வந்தது, அப்போதும் இருந்தன. வெயிலில் துடைக்காமல் விட்டது. மாசானம் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லியிருக்கவில்லை.

ஒருநாள் பேச்சியம்மாள் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வண்டி முன்னால் போனது, பின்னால் வந்தது. குரங்குகள் தட்டின. சாப்பாட்டு நேரத்தில் அவன் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமாவும் இப்பிடித்தான்," என்றாள். "முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு."

"அவருக்கு மூக்குல வளையம் கிடந்துச்சு."

"உங்களுக்கு?"

இருளப்பன் குனிந்து பார்த்தான். நெஞ்சின் குறுக்கே எதையோ தேடுவது போலத் தடவினான். பிறகு சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

"சீட் பெல்ட்டு," என்றான். "ஆனா உக்காந்து செய்யுத வேலை."

நீதி: மெழுகை நிழலில், மெல்லிசாக, நேர்கோட்டில் பூசி, வண்டி முழுவதையும் சுத்தமாகத் துடைக்கவும், அதிகாரி முகம் விழும் இடத்தை மட்டும் துடைக்காமல் விடவும். விட்டது விட்டதுதான்.