பரோயே தீவில் நான் கண்ட எரிமலை

புது மாப்பிள்ளை தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும். நான் பழகவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து என்று நினைவு. நோர்வேயில், ஹொல்ம்லியாவில் புதுக் குடித்தனம். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்திருந்தார். ஓய்வுபெற்ற பூகோள ரீச்சர் (என் கெட்ட காலம்). மகளைக் கட்டியவனுக்கு ஏதாவது தெரியுமா என்பதில் அவருக்குப் பலத்த சந்தேகம்.

அதைத் தீர்க்கத்தான் அட்லாண்டிக் நடுவே கிடக்கும் பரோயே தீவுகளுக்குக் கூட்டிப்போனேன். மரமில்லாத பச்சை மலைகள், கடலுக்குள் நேரே விழும் அருவிகள் என்று விமானத்திலேயே வகுப்பெடுத்தேன். போய் இறங்கினால் மூடுபனி. அருவியின் சத்தம் மட்டும் கேட்டது. (பறவைகளும் இருந்தன. மாமியின் குடையில் அடையாளம் விழுந்தது.)

மத்தியானம் ஒரு சரிவில் மெத்தென்ற புல்வெளி காலில் தட்டுப்பட்டது. பாயை விரித்தோம். என் மனைவி கௌரி இடியப்பமும் சம்பலும் எடுத்து வைத்தாள். பக்கத்தில், புல்லுக்குள் நின்ற கரிய கல்லிலிருந்து புகை வந்தது.

"தம்பி, உதென்ன புகை?"

"எரிமலைத் தீவெல்லோ மாமி. உள்ளுக்கை இருக்கிற சூடு வெளியாலை வருது."

"உது செத்துக் கனகாலம் எண்டெல்லோ நான் படிப்பிச்சனான்?"

"உங்கடை புத்தகம் பழசு மாமி."

மாமி மூக்கை உறிஞ்சினார். "மீன் பொரிக்கிற மணம் வருது."

"பக்கத்திலை கடல்தானே!"

"பொரிச்ச மணம், தம்பி."

அப்போது பாய்க்கு அடியில் டங், டங் என்று இடித்தது. கௌரி என் கையைப் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, வெடிக்கப் போகுதோ?"

நான் எழுந்து ஓடினேன். நாலு எட்டில் நிலம் முடிந்துவிட்டது. விளிம்பில் வயிறு அடிபட விழுந்து கீழே எட்டிப் பார்த்தேன். கதவு, யன்னல், கையில் விளக்குமாறோடு ஒரு அம்மா. சரிவோடு ஒட்டிக் கட்டிய வீடு. கூரையில் புல் வளர்ப்பது அந்த ஊரின் பழைய வழக்கம். நான் வகுப்பெடுக்க மறந்த ஒரே பாடம்.

நோர்வேஜிய மொழியில் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாவும் அதுபோன்ற ஒரு மொழியில் மெதுவாகக் கேட்டார்: "ஆடுகள்தான் ஏறும். நீங்கள் யார்?"

"என்ன சொல்லுறா?" என்றார் மாமி.

"சாப்பிட வரட்டாம்" என்றேன்.

மாமி சம்பல் கிண்ணத்தோடு விறுவிறுவென்று இறங்கிப்போய் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அந்த அம்மா திகைத்து, பிறகு சிரித்து, பொரித்த மீனை மேசையில் வைத்தார். மாமி ஒரு துண்டை வாயில் போட்டார். "நல்ல எரிமலை, தம்பி. உப்புத்தான் கொஞ்சம் காணாது."

இப்போதும் எங்கள் வீட்டில் மீன் பொரித்துப் புகை அலாரம் கத்தினால், "வெடிச்சிட்டுதோ?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அதையாவது பொறுக்கலாம். பள்ளிக்கூடத்தில் எரிமலை வரையச் சொன்னதற்கு, மகள் கதவும் யன்னலும் வைத்து ஒன்று வரைந்திருக்கிறாள். உச்சியில் நாங்கள் இடியப்பம் சாப்பிடுகிறோம்.