தோளுக்குப் பேசின பேரம்

ரெண்டு மாசம் முன்னால இதே பக்கத்துல, "குரூப் பிசியோதெரபி எல்லாம் வேஸ்ட்டுண்ணா, தனியா பாருங்க"ன்னு கமெண்ட் போட்ட மகராசா, எங்கடா இருக்க நீ?

எனக்கு வலது தோள்ல ஜவ்வு பிரச்சினை. கை தோளுக்கு மேல போவாது. நான் சித்தூர் மாங்கா மண்டியில ஏலம் எடுக்கிறவன். அங்க எவ்ளோ கத்தினாலும் செல்லாது, வலது கையைத் தூக்கணும். சீசனுக்கு ஆறு வாரம்தான் இருந்துச்சு.

திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

பிசியோ பொண்ணு தெளிவாத்தான் சொல்லுச்சு. "அஞ்சு பேரோட சேர்ந்தும் செய்யலாம், தனியாவும் செய்யலாம் சார். பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"தனியாத்தாம்மா!"

உன் பேச்சைக் கேட்டுடா!

முதல் நாள். "பதினஞ்சு தடவை தூக்குங்க சார்."

என் வாய் சும்மா இருக்குமா? "எட்டு!"

"சார், இது மாங்கா இல்ல."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பத்து!"

நான் போட்ட கூச்சல்ல பாவம், ஒத்துக்கிச்சு. அடுத்த வாரம் ஏழுக்கு இறக்கினேன். வீட்டுல தினம் செய்யச் சொன்னதை வாரத்துக்கு ரெண்டு நாளா முடிச்சேன். ஜெயிச்சுக்கினே இருக்கோம்னு பஸ்ல மீசையை முறுக்கிக்கினு வருவேன்!

பக்கத்து ஹால்லதான் குரூப். அதுல நகரி தறிக்கார அக்கா ஒருத்தங்க. எவனாவது பத்தோட கையை இறக்கினா, "இங்கா அய்து!"ன்னு தெலுங்குல ஒரு அதட்டல். மிச்ச அஞ்சையும் முடிச்சாத்தான் விடுவாங்க. அவங்ககிட்ட தினம் திட்டு வாங்கினவன் பலமனேர் வியாபாரி ஒருத்தன். கண்ணாடி வழியா பார்த்து வயிறு வலிக்க சிரிச்சேன்.

ஏல நாள் வந்துச்சு. நான் கண்ணு வெச்ச தோத்தாபுரி மாங்கா குவியல். விலை ஏறுது. கையைத் தூக்கினேன்.

நெஞ்சோட நின்னுச்சு! தாங்கிப் பிடிக்க இடது கையும் ஓடியாந்துச்சு.

ஏலக்காரர் பார்த்தார். "அண்ணன் கும்பிடு போட்டுட்டாரு, விலகிக்கினாரு!"

பின்னால ஒரு கை கொடிக்கம்பம் மாதிரி எழுந்துச்சு. அந்த பலமனேர்க்காரன்! சரக்கு அவனுக்கு.

போற போக்குல கேக்குறான்: "என்னண்ணா, நீங்க ஸ்பெஷலா தனியா பார்த்தீங்களே?"

நேரா பிசியோ பொண்ணுகிட்ட போய் குதிச்சேன். "நான் குறைச்சு கேட்டா நீ ஏம்மா குடுத்தே?"

"தனியா இருந்தா நீங்க கத்துறீங்க சார். அங்கன்னா அக்கா கத்துவாங்க."

நாளையிலேர்ந்து குரூப்.

கமெண்ட் போட்ட மகராசா! என் கை மேல போற வரைக்கும் தினம் மண்டிக்கு வந்து எனக்காக நீதான் கையைத் தூக்கணும். இதுல பேரமே கிடையாது.