கச்சானும் கரும்பலகையும்

ஓர் ஆசிரியர் தம் வகுப்பை இழக்கும் நிலைக்கு வந்தமைக்கு என் தூய தமிழே காரணமாயிற்று. ஆகவே இவ்வரலாற்றை எழுதிவைக்கும் கடமையும் எனக்கே உரியது.

கற்பிட்டிக் குடாநாட்டில் மேசை கதிரைகளை இடம்பெயர்ப்பதில் பிள்ளைகள் 'காத்துச் சேர்' என்றழைத்த ஆசிரியரை விஞ்சியவர் எவருமிலர். வீட்டுச் சாமான் ஏற்றும் லொறிக்காரரும் இலர். குறிஞ்சிப்பிட்டிக்கு அண்மையில், மேற்கே கடலும் கிழக்கே களப்பெனும் கடற்கழியுமாக அமைந்த எங்கள் பாடசாலையில் அவர் மூன்றாந்தரப் பிள்ளைகளின் வகுப்பாசிரியர்; நான் அதிபர். எல்லா வகுப்புகளும் ஒரே மண்டபத்தில்; அதற்கு அரைச்சுவர், அதன்மேல் கம்பிவலை. மே மாதம் பிறந்தால் கச்சான் என்று ஊரார் அழைக்கும் மேல்காற்று மேற்கிலிருந்து எழும். அது மணலைக் கொணரும்; ஆசிரியர் குரலைக் கொண்டுபோகும்.

ஏனையோர் உரத்துக் கத்தினர். அவரோ காலையில் வாசலில் நின்று, லேஞ்சிக் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்து, காற்றின் போக்கைக் கணிப்பார். பின்னர், "தூக்குங்க புள்ளைகள்!" என்பார். முப்பது மேசைகளும் திரும்பும். காற்று கரும்பலகைப் பக்கமிருந்து பிள்ளைகளை நோக்கி வரவேண்டும் என்பது அவர் விதி. ஒரே நாளில் கரும்பலகை மும்முறை திசை மாறியதும் உண்டு. ஒருமுறை அவருடைய வகுப்பு நான்காந்தர வகுப்புக்கு முகத்துக்கு முகமாக அமைந்துவிட்டது.

"சேர், என்ட புள்ளைகள் உங்கட பாடத்தையெல்லோ படிக்குதுகள்!" என்று அவ்வகுப்பு ஆசிரியை முறையிட்டார்.

"எந்தப் பாடமெண்டாலும் படிச்சாச் சரிதானே, டீச்சர்."

வகுப்பு சரியாக அமைந்ததா என்று அளக்க அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. அதன் பெயர் ரிஸ்னா. அவள் பேசுவது அவளுக்கே கேட்குமோ என்று ஐயுறத்தக்க குரல். அவளைக் கரும்பலகை அருகே நிறுத்தி வாசிக்கச் சொல்லி, இவர் கடைசி வரிசையில் ஒரு சிறுவர் கதிரையில் தம் பேருடலைச் செருகிக்கொண்டு செவிமடுப்பார். இச்சோதனையில் இரண்டு கதிரைகள் உயிர்நீத்தன. அவள் குரல் எட்டாவிடின் மேசைகள் மீண்டும் திரும்பும்.

"உங்கள் குரல் கேட்டாற் போதாதா?" என்று வினவினேன்.

"என்ட குரல் முந்தல் ஊர் வரைக்கும் கேக்கும் சேர். அவ வாய் திறந்தா மத்தப் புள்ளைகளுக்குக் கேக்கணும். கேக்காட்டி 'என்னா, என்னா' எண்டுவாங்க. பொறகு அவ வாயே திறக்க மாட்டா."

ஆண்டுத் தொடக்கத்தில் ஊமைபோல் இருந்த ரிஸ்னா, ஜூன் மாதத்தில் ஒரு முழுப்பக்கம் வாசித்தாள்.

வினை, அவர் எழுதிய பதிவேட்டால் வந்தது. "கச்சான் கடுமை. வகுப்பு திருப்பப்பட்டது" என்று நாள்தோறும் குறித்திருந்தார். வேற்று மாவட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்த கல்வி அதிகாரி அறிந்த கச்சானோ, வறுத்துச் சுருளில் விற்கும் கடலை மட்டுமே. பாடவேளையில் கச்சானை அனுமதித்தவர் யார் என்று விளக்கம் கோரிக் கடிதம் வந்தது.

விளக்கத்தை நான் எழுதினேன். மேல்காற்றுக்குப் பண்டைத் தமிழில் கோடை என்று பெயர். "கச்சான் என்பதைக் கோடை எனத் திருத்தி வாசிக்கவும்" என்று பெருமிதத்துடன் அனுப்பினேன். அதிகாரி வெயிற்காலம் என்றே பொருள்கொண்டார். ஆண்டு முழுதும் வெயிலடிக்கும் நாட்டில் அதற்காக வகுப்பைத் திருப்புவது ஒழுங்கீனமென்றும், நேரிற் பார்த்தபின் ஆசிரியரைக் கடலோரமல்லாத வண்ணாத்திவில்லு ஊருக்கு மாற்ற உத்தேசமென்றும் மறுமொழி வந்தது.

காத்துச் சேர் கடிதத்தை இருமுறை வாசித்தார்.

"கடலையாவே விட்டிருக்கலாமே சேர். திண்டது நான்தான் எண்டு சொல்லித் தப்பியிருப்பன். வண்ணாத்திவில்லுல கடல்காத்துமில்ல, நான் என்னத்தைத் திருப்புற?" சிரித்துவிட்டு, "ரிஸ்னா இப்பதான் சேர் வாசிக்கத் தொடங்கினா" என்றார்.

அதிகாரி வந்தார். மேசைகளைக் கிழக்குச் சுவரை நோக்கி நேர்வரிசையில் இடுவித்தார். "எங்க, ஒரு பிள்ளை வாசிக்கட்டும்" என்று கடைசி வரிசையில் அமர்ந்தார். காத்துச் சேர் ரிஸ்னாவை எழுப்பிக் கரும்பலகை அருகே நிறுத்தினார். அவள் உதடுகள் அசைந்தன. கச்சான் அவள் குரலைக் களப்பின் பக்கம் கொண்டு சென்றது.

"சத்தமா, மகள்" என்றார் அதிகாரி.

உதடுகள் அசைந்தன. அதிகாரி ஒரு வரிசை முன்னே வந்தார், பின்னும் இரண்டு. ஈற்றில் முதல் வரிசையில் நின்று காதருகே கைகுவித்தார். அவள் வாசிப்பை நிறுத்தி ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்றா?"

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மொழிபெயர்த்தாள்: "சேர், தூக்கட்டா எண்டு கேக்குறா."

 அதிகாரி ஒரு மேசையின் முனையைத் தாமே பற்றினார். வகுப்பு திரும்பியது. அவர் கடைசிக் கதிரைக்கு மீண்டு, அவள் வாசித்த ஆமைக் கதையை முடிவுவரை கேட்டார்.

"இதுதானா உங்கட கச்சான்?" என்று அவர் உரக்க வினவியது பாடசாலை வாசலில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த, எல்லோரும் சாச்சி என்றழைக்கும் பெண்ணின் காதில் வேறுவிதமாக விழுந்தது. அவர் ஒரு கச்சான் கடலைச் சுருளுடன் ஓடிவந்து, "சூடா இருக்கு, எடுங்க சேர்" என்றார். அதிகாரி அதைக் கொறித்தபடியே வாகனம் ஏறினார். "கச்சான் நேரிற் பரிசோதிக்கப்பட்டது, திருப்தி. இடமாற்றம் வேண்டியதில்லை" என்பது அவர் எழுதிய குறிப்பு.

அக்காலத்தில் அங்கு பயின்றோர் இதை வாசித்தால், மாதங்களிலோ மேசைக் கணக்கிலோ பிழை கண்டவிடத்து அன்புகூர்ந்து திருத்துக. அவர் சற்றுக் கிறுக்கர் என்று திருத்த முனைவோர் மட்டும் சிரமப்பட வேண்டா. அத்திருத்தத்தை நான் ஏற்கப்போவதில்லை.