ரெண்டு தடவை பார்த்த கல்யாணம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரெஜி வருவதற்குள் மைக்கேல் ஒரு ப்ளூ-ரே பிளேயர் வாங்கியாக வேண்டும். அது புதிதாக வாங்கியது என்று ரெஜிக்குத் தெரியவும் கூடாது.

ரெஜி, மனைவி மோலியின் அண்ணன். மார்டள்ளி கிராமத்தில் வாத்தியார். அவர் மகள் நிம்மியின் கல்யாணத்துக்கு மைக்கேல் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னதை ரெஜி நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. பல மாதம் கழித்துக் கல்யாண வீடியோ தபாலில் வந்தது. பென் டிரைவ் எல்லோரும்தான் கொடுக்கிறார்கள் என்று, கௌரவத்துக்காக ப்ளூ-ரே டிஸ்க்கில்.

சமாதானத்துக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று மைக்கேல் உடனே போனைப் போட்டான். "மச்சான், ரெண்டு தடவை பார்த்துட்டேன். நிம்மி பீடத்துகிட்ட நடந்து வந்தப்ப அழுதுட்டேன்."

ரெஜி உருகிவிட்டார். "முதல் காப்பிய நானே முழுசா உக்காந்து பாத்துட்டுத்தான் மாப்ள, சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் காப்பி போட ஸ்டுடியோல சொன்னேன்."

உறவு ஒட்டிக்கொண்டது. வீட்டில் பிளேயர் இல்லாததால் டிஸ்க் மட்டும் கவர்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது. இப்போது ரெஜி நிம்மியையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க.

"திரும்பப் பேச்சு நின்னா, பொறந்த வீடுன்னு எனக்கு வேற யாருங்க இருக்கா?" என்றாள் மோலி. மைக்கேலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைக்காரர் பசவராஜிடம் டிஸ்க் போடும் பெட்டிகளில் இருப்பதிலேயே விலை குறைந்ததைக் கேட்டு வாங்கி வந்தான். டிஸ்க்கை உள்ளே தள்ளினால், அடுத்த நொடியே வெளியே துப்பியது. மறுபடி கடைக்கு ஓடினான்.

"இது டிவிடி பிளேயர் ஸ்வாமி, இதுல ப்ளூ-ரே ஓடாது. ப்ளூ-ரேன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார் பசவராஜ். வெகுநாளாக விலைபோகாத ஒரு பெட்டியைத் தூசு தட்டி எடுத்தார். தூசு தட்ட வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று மைக்கேல் கெஞ்சியது அவருக்கு விளங்கவில்லை.

ஞாயிறு காலை அதை இணைக்கப் போனால், வீட்டிலிருந்த பழைய முதுகு பெருத்த டிவியில் அந்த வயருக்கு ஓட்டையே இல்லை. பக்கத்து வீட்டுக் கௌரம்மாவிடம் டிவி இரவல் கேட்க வேண்டியதாயிற்று. டிவி வந்தது. பின்னாலேயே கௌரம்மாவும், மாமியாரும், இரண்டு நாற்காலிகளும் வந்தன. டிஸ்க்கைப் போட்டுப் பார்க்க நேரமில்லை. பிளேயர் மேல் ஒரு பின்னல் துணியை விரித்து, அந்தோணியார் சொரூபத்தையும் மோலி வைத்து முடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது.

ரெஜி உள்ளே வந்ததும் மைக்கேலைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு அன்புக்குத் தான் லாயக்கில்லை என்று மைக்கேலுக்கு உடம்பு கூசியது. டிஸ்க்கை உள்ளே தள்ளி, விளக்கை அணைத்து ரிமோட்டை அமுக்கினான். நல்லவேளை, படம் வந்தது.

நாதஸ்வரம் முழங்கியது. மாவிலைத் தோரணம் தெரிந்தது. புகைக்கு நடுவே புரோகிதர் நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ ஒரு பெண், யாரோ ஒரு மாப்பிள்ளை.

"உங்க சர்ச்சுல இப்போ ஹோமம்கூட பண்றாங்களா?" என்று கௌரம்மா மெதுவாகக் கேட்டார்.

ரெஜி மெல்லத் திரும்பி மைக்கேலைப் பார்த்தார்.

"இதையா மாப்ள ரெண்டு தடவை பாத்து அழுதீங்க?"

மோலி தரையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மாமியாருக்கு முன்னாலா இது நடக்க வேண்டும்? மைக்கேல் எழுந்து நின்றான்.

"மச்சான், நான் பார்க்கவே இல்ல. இந்தப் பொட்டியே நேத்து வாங்கினது. டிவி இவங்களோடது. என்னை மன்னிச்சிடுங்க, மோலிகிட்ட மட்டும் கோச்சுக்காதீங்க."

ரெஜி முறைத்தபடியே உட்கார்ந்திருந்தார். மூலையிலிருந்த நிம்மிதான் வாயைத் திறந்தாள்.

"மாமாவ ஏம்ப்பா முறைக்கிறீங்க? முழுசா பாத்தாச்சு, இதையே எல்லாத்துக்கும் போடுங்கன்னு ஸ்டுடியோல சொன்னது நீங்கதானே? நம்ம வீட்லதான் பிளேயரே கிடையாதே."